ஒரு யந்திரம், மூன்று பெயர்கள்

மாயவரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கூடத்தில், முன்பு தையல் மெஷின் இருந்த ஜன்னலோரத்தில், இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை முடுக்கினால் திரையில் மூன்று வட்டங்கள் தோன்றும். முதல் வட்டம் என் மைத்துனருடையது; உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர் தம் பென்ஷன் காகிதங்களையும், தெருக்கோவில் கணக்கையும், பதினோரு வருஷத்துப் புகைப்படங்களையும் அதற்குள் சேமித்து வைத்திருந்தார். இரண்டாவது தங்கையுடையது, சீட்டுக் கணக்கும், மாமியாரிடம் கேட்டுக் கேட்டு அவள் தட்டெழுதிய வடாம், ஊறுகாய்ப் பக்குவங்களும் அதில் இருந்தன. மூன்றாவது, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளையுடையது. யந்திரத்தை வாங்கி வந்து பெட்டி பிரித்து மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சர்வாதிகாரப் பதவியைத் தனக்கும், சாமானியப் பிரஜைகளின் அந்தஸ்தைப் பெற்றோருக்கும் வகுத்துவிட்டு, அந்தப் பதவிக்குரிய பாஸ்வேர்டை மனசோடு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

"சொந்த வீட்டில் ஒரு பிரிண்டரை மாட்டுவதற்கு நான் பெங்களூருக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது, பாருங்கள் மச்சான்" என்று மைத்துனர் என்னிடம் பலமுறை குறைப்பட்டுக்கொண்டது உண்டு.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பார்சல் ரசீது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு மின்னஞ்சலின் இணைப்பை அவர் திறந்தார். பார்சல் எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பேரன் பிறந்திருக்கும் சமயத்தில் யாராவது எதையாவது அனுப்பியிருக்கலாம் என்ற நியாயமான ஆசை. திறந்தபோது ஒன்றும் நடக்காதது போலவே இருந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்க்கையில், ஒவ்வொரு புகைப்படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமற்ற எழுத்துகள் சில வாலாக முளைத்திருந்தன; எதைத் தட்டியும் திறக்கவில்லை; திரையின் நடுவில், பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் நின்றது. பெங்களூரிலிருந்து பிள்ளை தொலைபேசியில் வழி சொல்லச் சொல்ல, யந்திரத்தை அணைத்து மறுபடி முடுக்கித் தங்கையின் வட்டத்துக்குள் போய்ப் பார்த்தார்கள். சீட்டுக் கணக்கு கலையாமல் இருந்தது. வடாம் பக்குவம் உப்பு அளவு உட்பட அப்படியே இருந்தது. யந்திரமும் பழுதின்றி ஓடியது. ஓர் அறை முழுவதும் எரிந்துபோய், அடுத்த அறையின் திரைச்சீலைகூடக் கருகாத தீ விபத்து எப்படியோ, அப்படி இருந்தது நிலைமை.

மைத்துனருக்கு நஷ்டத்தைவிடப் பெரிதாக இருந்தது திகைப்பு. "பாஸ்வேர்ட் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். அது ஒன்றுமே கேட்கவில்லையே!" என்றார்.

ஏன் கேட்கவில்லை என்ற அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, இந்தச் சுவர்களை முதன்முதலில் யார், யாருக்காகக் கட்டினார்கள் என்ற பழைய கதைக்குப் போக வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது என்றும், அதை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்றும் இருந்த காலத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய சகாக்களும், ஒரே யந்திரத்தின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பலருக்கும் ஏககாலத்தில் பரிமாறும் ஏற்பாடு ஒன்றை 1961இல் செய்து காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குடியேறிய பிரம்மச்சாரிகள் ஒவ்வொருவரும் தம் தம் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுவது எத்தனை இயற்கையோ, அத்தனை இயற்கையாகவே, ஒரு யந்திரத்தில் பல பேர் குடியிருக்க நேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. ஒருவருடைய ஆராய்ச்சியை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது ஒரு காரணம். ஒவ்வொருவருக்கும் அளந்து விட்ட நேரத்தை அவரவரே செலவழிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பூட்டு வந்த மறுவருஷமே கள்ளச்சாவியும் வந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்ற பங்கீடு போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962இல், கடவுச்சொற்கள் எல்லாம் எழுதப்பட்டிருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி ஒரு துளையட்டையின் மூலம் யந்திரத்துக்கே விண்ணப்பித்தார். யந்திரமும் அடக்கமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. சில வருஷங்களுக்குப் பிறகு, அன்றைய அறிவிப்பு இருக்க வேண்டிய கோப்பும் கடவுச்சொற்களின் கோப்பும் கைத்தவறாக இடம் மாறிப்போக, உள்ளே நுழைந்தவர்கள் எல்லாருக்கும் எல்லாருடைய ரகசியமும் காலை வணக்கம் போலக் காட்சி கொடுத்த சம்பவமும் அதே யந்திரத்தில் நடந்தது.

இந்த அனுபவங்களின் வாரிசாகப் பிறந்தது யூனிக்ஸ். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய அந்த அமைப்பில், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று கேள்விகளுக்கு மூன்று பேருக்கான பதில் எழுதியிருக்கும். படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்பவை கேள்விகள். உடையவர், அவருடைய குழுவினர், மற்றையோர் என்பவர்கள் அந்த மூவர். ஒன்பது ஆம்-இல்லைகளில் அடங்கிவிடும் இந்தச் சிறிய சாசனம், இன்றைக்கும் லினக்ஸ், மேக் ஆகியவற்றின் அடிவயிற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் நடந்துவருகிறது. இத்தனை தடைகளுக்கும் மேலே, எந்தத் தடையும் பொருந்தாத 'ரூட்' என்ற ஒருவர் உண்டு. கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற சில காரியங்களுக்குச் சாமானியர்களும் ரூட்டின் அதிகாரத்தை ஒரு கணம் இரவல் வாங்க வேண்டியிருப்பதால், அதற்கென்று ரிச்சி கண்டுபிடித்த சூட்சுமத்துக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமைகூடக் கிடைத்தது. பின்னாளில் யூனிக்ஸை உடைத்து உள்ளே போனவர்களில் கணிசமான பேர் அந்த இரவல் வாசல் வழியாகத்தான் போனார்கள் என்பது காப்புரிமைப் பத்திரத்தில் எழுத முடியாத விஷயம்.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டரோ மேன்ஷன் அல்ல, தனி வீடு. அதைச் செய்தவர்கள் பூட்டைப் பற்றி நெடுநாள் கவலைப்படவில்லை. டாஸ் காலத்தில் யந்திரத்தின் முன் உட்கார்ந்தவரே எஜமானர். விண்டோஸ் 95 பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது உண்மைதான்; ஆனால் 'கேன்சல்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு நேரே உள்ளே போய்விடலாம். வாசலில் நின்று "யார்?" என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டாலும் கதவைத் திறந்துவிடும் பாட்டியைப் போன்ற உபசாரம் அது. அலுவலகங்களுக்காக மைக்ரோஸாஃப்ட் 1993இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி.யில்தான் சுவர்கள் மெய்யான சுவர்களாக இருந்தன. அந்தக் கட்டுமானம் 2001இல் எக்ஸ்.பி. என்ற பெயரோடு வீடுகளுக்கு வந்தது. வாத்துப் பொம்மையையும் சதுரங்கக் காயையும் கால்பந்தையும் தம் தம் சின்னமாக வைத்துக்கொண்டு ஒரே வீட்டார் தனித்தனியே நுழைந்த அந்த நீலத் திரையைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதை நிறுவும்போது உண்டாக்கிய பயனர்கள் அத்தனை பேரும் அட்மினிஸ்ட்ரேட்டர்களாகவே பிறந்தார்கள். அதுவும் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமலே. சுவர் எழுப்பி, கதவு போட்டு, எல்லாக் கதவுகளின் சாவியையும் வாசல் மாடத்தில் வைத்த கதைதான். 2007இல் வந்த விஸ்டா இதைத் திருத்தப் புறப்பட்டு, திரையை மங்கச் செய்து "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கத் தொடங்கியது. கேட்டது நியாயம், கேட்ட தடவைகள்தான் அதிகம். பத்து முறை கேட்டால் பதினொன்றாவது முறை படிக்காமலே 'ஆம்' என்று அமுக்கும் சுபாவம் மனிதனுடையது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தச் சுவர்களால் வீட்டுக்குப் பிரயோஜனம் இல்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சாகும். என் தங்கையின் கோப்புகள் பிழைத்தது தற்செயல் அல்ல. மைத்துனர் திறந்த அந்த நிரலுக்கு அவர் தொடக்கூடியதையெல்லாம் தொட முடிந்தது. அவர் தொட முடியாத தங்கையின் அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளை மாற்றவோ, வைரஸ் தடுப்பு நிரலை வாய் மூடச் செய்யவோ, யந்திரம் உள்ளூர எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை அழிக்கவோ அட்மினிஸ்ட்ரேட்டரின் அதிகாரம் வேண்டும்; பணம் பறிக்கும் நிரல்களில் பல முதலில் தேடுவது அந்தப் பழைய பிரதிகளைத்தான். அட்மினிஸ்ட்ரேட்டராகவே நாள் முழுவதும் உலவுகிறவர் அந்த அதிகாரத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். சாமானியக் கணக்கில் இருப்பவர் நீட்டுவதில்லை. பெங்களூர்ப் பையன் செய்த ஏற்பாட்டில் இது ஒன்றுக்காகவே அவனை மெச்சலாம்.

திருடனுக்கு முன்னால் வருகிறவர்கள் நம் குழந்தைகள். கல்யாணத்துக்கு வந்திறங்கிய உறவுக்காரப் பிள்ளைகள் நால்வரும் இரண்டு மணி நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரை எந்த ஸ்திதிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு, அவர்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருப்பதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு லாபம், நம் கையிலிருந்தே நம்மைக் காப்பது. இடம் இல்லை என்று கண்ட ஃபோல்டரை அழிக்கப் புறப்படும் ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்துக்கு, "உமக்கு அந்த உரிமை இல்லை" என்று ஒரு குரல் அவசியமாக இருக்கிறது. அந்தரங்கத்தைப் பொறுத்தவரை மட்டும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். சுவர் இருப்பதாலேயே ஜன்னல் மூடியிருப்பதாக அர்த்தமில்லை. வீட்டு உபயோகத்துக்குப் பேர்போன உபுண்டு லினக்ஸில், ஒரு பயனரின் வீட்டு ஃபோல்டரை அதே யந்திரத்தின் மற்றப் பயனர்கள் திறந்து படிக்கலாம் என்பதே 2021 வரை வழக்கமான ஏற்பாடாக இருந்தது.

இனி மைத்துனரின் கேள்விக்கு வருகிறேன். சொத்து விவகாரங்களில் பவர் பத்திரம் என்று ஒன்று எழுதிக் கொடுக்கிறோம். முற்காலத்தில் அதை முக்தியார் என்பார்கள். அதைப் பெற்றவர் போடும் கையெழுத்து நாமே போட்ட கையெழுத்தாகும். நிலத்தை விற்கலாம், அடகு வைக்கலாம். சப்-ரிஜிஸ்திரார் நம்மைத் தேடி வந்து கேட்கப்போவதில்லை. கம்ப்யூட்டரில் நாம் திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், திறந்த அந்தக் கணத்திலேயே, இத்தகைய முழுப் பவர் பத்திரம் ஒன்று எழுதப்பட்டுவிடுகிறது. மைத்துனரின் பெயரால் இயங்கும் கணக்கெழுதும் நிரலும், மைத்துனரின் பெயரால் இயங்கும் கொள்ளைக்கார நிரலும் யந்திரத்தின் கண்ணுக்கு மைத்துனரே. அவருடைய புகைப்படங்களை அவரே மாற்றி எழுத முழு உரிமை உடையவர் ஆதலால், அவரிடம் பாஸ்வேர்ட் கேட்பதற்கு யந்திரத்துக்கு ஒரு காரணமும் இல்லை. 2013இல் மின்னஞ்சல் இணைப்புகள் மூலம் பரவிய கிரிப்டோலாக்கர் என்ற நிரல், அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தை நாடாமல், பயனரின் சொந்த ஃபோல்டரிலேயே குடியேறி இதே வேலையைச் செய்தது.

மேன்ஷனில் ஒருவருடைய பெட்டியை இன்னொருவர் திறக்காமல் காப்பதற்காக ஏற்பட்ட பூட்டு, பெட்டிக்குச் சொந்தக்காரரின் கையையே பற்றிக்கொண்டு வருகிறவனை எப்படித் தடுக்கும்? அந்தக் காலத்து யந்திரத்தில் பொக்கிஷம் யந்திரமே. அது நின்றுபோனால் அத்தனை பேருக்கும் நஷ்டம். ஆகவே ரூட்டைக் காத்தால் எல்லாவற்றையும் காத்ததாகும். இன்றைய வீட்டிலோ இயங்குதளத்தை ஒரு பிற்பகலில் மறுபடி நிறுவிவிடலாம். பேரனின் முதல் சிரிப்பை மறுபடி எடுக்க முடியாது. மறுபடி பெறக்கூடியது சுவருக்குப் பின்னாலும், பெற முடியாதது சுவருக்கு வெளியிலும் இருக்கும்படியாக நம் வீட்டு ஏற்பாடு அமைந்துவிட்டது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் நாம் ஏற்கெனவே நுழைந்திருப்பதற்கான அடையாளச் சீட்டுகளை வைத்திருக்கும் பிரௌஸரும் அதே சுவருக்கு வெளியேதான், அதே பெயரால்தான் இயங்குகிறது.

சுவரிலேயே ஓட்டை இருந்துவிட்டால் அது வேறு சங்கதி. சாமானியருக்கு ரூட்டின் அதிகாரத்தை முறைப்படி வழங்குவதற்கென்றே இருக்கும் 'சூடோ' என்ற நிரலில், எவரும் முறையின்றியே ரூட் ஆகிவிடக்கூடிய பிழை ஒன்று 2011இல் புகுந்து, 2021 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. லினக்ஸின் மூலக்கருவில் 2007 முதல் ஒளிந்திருந்த 'டர்ட்டி கௌ' என்ற இன்னொரு பிழை 2016இல் அகப்பட்டது. 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த பிழை வழியாக, யாரும் எதையும் திறக்காமலே, யந்திரத்தின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு உள்ளே இறங்கியது. அங்கே எத்தனை வட்டங்கள் இருந்தன என்பது அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. அந்தப் பிழைக்கு மைக்ரோஸாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மருந்து வெளியிட்டிருந்தது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிவைக்கும் அப்டேட்டுகளின் தாத்பரியம் இதுதான்.

யந்திரத்தையே கையில் எடுத்துக்கொள்பவர் முன்னாலும் இந்தச் சுவர் நிற்காது. ஒன்பது ஆம்-இல்லைகளை மதிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் மட்டுமே. வேறோர் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து அதைக் கொண்டு யந்திரத்தை முடுக்கினால், பழைய காவற்காரர் தூங்க, புதியவர் எல்லாக் கோப்புகளையும் சாவதானமாகத் திறந்து காட்டுவார். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வரும்போது இது பலருக்கும் நினைவு வருவதில்லை. இதற்கு மாற்று, கோப்புகள் இருக்கும் தகடு முழுவதையும் மறையெழுத்தாக மாற்றி வைப்பது. விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் என்று அதற்கு வசதி உண்டு. ஆனால் சாவியைத் தொலைத்தால் திருடனோடு சொந்தக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு கடையில், வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, சின்னச் சீட்டில் எழுதி, மடிக்கணினியின் மூடிமீதே ஒட்டிவைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறையெழுத்தின் மகிமை அந்தச் சீட்டு வரைக்கும்தான்.

வீட்டில் வேலை குறைந்துபோன பழைய யூனிக்ஸ் சுவருக்கு, யாரும் நினையாத இடத்தில் மறுவாழ்வு கிடைத்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2008இல் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ். போன் பெரும்பாலும் ஒருவருடையதாயிற்றே, அதற்கு எதற்குப் பல பயனர்கள் என்று கேட்காமல், அதை வகுத்தவர்கள் ஒரு செப்பிடுவித்தை செய்தார்கள்: ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராக ஆக்கிவிட்டார்கள். நாம் ஒரு செயலியை நிறுவும்போது, மனிதர்களுக்குக் கொடுப்பது போல அதற்கு ஒரு பயனர் எண் கிடைக்கிறது. பதினாயிரத்திலிருந்து தொடங்கும் எண்கள் அவை. பஞ்சாங்கச் செயலி ஒரு குடித்தனக்காரர், வங்கிச் செயலி இன்னொருவர், குழந்தையின் விளையாட்டு மூன்றாமவர். ஒருவர் அறையை மற்றவர் எட்டிப் பார்க்க முடியாது; சட்டைப்பைக்குள்ளேயே ஒரு மேன்ஷன்! முழுப் பவர் பத்திரத்துக்குப் பதிலாக, கேமராவுக்கு ஒன்று, தொடர்புகளுக்கு ஒன்று என்று சில்லறைப் பத்திரங்களைக் கேட்டு வாங்கும் முறையும் 2015இல் வந்தது. டார்ச் லைட் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று யோசியாமல் நாம் 'அனுமதி' என்று தட்டிவிடுவது வேறு விஷயம். அந்தப் பழக்கத்துக்கு விஸ்டா காலத்திலேயே பயிற்சி கொடுத்தாகிவிட்டது. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த ஏற்பாடு மெல்ல வந்துகொண்டிருக்கிறது; எனினும் நாற்பது வருஷமாக எல்லா நிரலும் எல்லாக் கோப்பையும் தொட்டுப் பழகிய வீட்டில், புதிதாகத் தடுப்பு எழுப்புவது, கூட்டுக்குடும்பத்தில் தனியடுப்பு வைப்பதைப் போல நாசூக்கான காரியம்.

தீபாவளிக்கு வந்த பிள்ளை யந்திரத்தைத் துடைத்துச் சுத்தமாக்கினான். கடிதம் கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. புகைப்படங்களில் சில உறவினர்களின் போன்களிலிருந்து திரும்பி வந்தன, பல வரவில்லை. கையடக்கமான ஒரு வெளித் தகடு வாங்கி, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் பிரதி எடுக்க அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த அவன், வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னான். மாட்டியே இருக்கும் தகடும் அப்பாவின் பெயருக்கு எட்டும் தகடுதான், அவர் பெயரால் வருகிறவனுக்கும் எட்டும். கழற்றினால் எங்கே வைப்பது என்ற பிரச்னையைத் தங்கை தீர்த்து வைத்தாள். அது இப்போது அவளுடைய பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. பீரோச் சாவி வழக்கம்போல் அவள் இடுப்பில்.

"முன்பு பெங்களூருக்கு மட்டும்தான் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது சமையலறைக்கும் போட வேண்டியிருக்கிறது" என்றார் மைத்துனர். மாசத்தின் முதல் ஞாயிறு அன்று. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.